முறைவழியின் பயனர் அடையாளமும் சிறப்புரிமை மாற்றமும்

பணிசெயல் முறைமையின் தொழிற்பாடுகளைக் குறிப்பிடுக என்று கேட்டால், முறைவழி முகாமைத்துவம், நினைவக முகாமைத்துவம், சாதன முகாமைத்துவம், கோப்பு முகாமைத்துவம் என மாணவர் வரிசையாக எழுதிவிடுவர். இறுதியில் ‘பாதுகாப்பு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவர். அந்த ஒரு சொல்லை விளக்குக என்று கேட்கும்போதுதான் இடர்ப்பாடு ஏற்படுகின்றது. “கடவுச்சொல் கேட்கும்” என்பதற்கு மேல் பலருக்கு எழுத எதுவும் இருப்பதில்லை. கடவுச்சொல் கேட்பது ஒரு கணம் நடக்கும் வேலை. அதன் பின்னர் நாள் முழுவதும் பணிசெயல் முறைமை எவ்வாறு ஒருவரின் கோப்பை மற்றவரிடமிருந்து காக்கின்றது என்பதே இங்கு நாம் பார்க்கப்போகும் விடயம். உதாரணங்கள் யுனிக்ஸ், லினக்ஸ் முறைமைகளிலிருந்து தரப்படுகின்றன. இவ்விடயம் அவற்றில்தான் மிகத் தெளிவாகத் தெரியும்.

கோப்பைத் திறப்பது யார்?

உங்கள் பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்தில் லினக்ஸ் நிறுவப்பட்ட கணினி ஒன்று உள்ளதெனக் கொள்வோம். அதில் உங்களுக்கு ‘மாணவர்12’ என்னும் பயனர் கணக்கு உண்டு. நீங்கள் உங்கள் ஒப்படையைத் திறக்கிறீர்கள். இங்கே கோப்பைத் திறந்தது யார்? நீங்கள் என்று சொல்வீர்கள். கணினியைப் பொறுத்தவரை அது சரியான விடையன்று. நீங்கள் விசைப்பலகையின் முன் அமர்ந்திருக்கும் மனிதர். உங்களைக் கணினி காண்பதில்லை. கோப்பைத் திறந்தது சொல் முறைவழிப்படுத்தும் மென்பொருள். இன்னும் சரியாகச் சொன்னால், நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அம்மென்பொருளின் முறைவழி.

செய்நிரலுக்கும் முறைவழிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்க. வன்தட்டில் அசையாமல் கிடக்கும் அறிவுறுத்தல்களின் தொகுதி செய்நிரல். அது நினைவகத்துக்கு ஏற்றப்பட்டு இயங்கும்போது முறைவழி. ஒரே செய்நிரலை பத்து மாணவர் ஒரே நேரத்தில் இயக்கினால் செய்நிரல் ஒன்று, முறைவழிகள் பத்து.

ஒவ்வொரு முறைவழிக்கும் கேர்னல், அதாவது பணிசெயல் முறைமையின் உட்கரு, ஒரு பதிவை வைத்திருக்கின்றது. அப்பதிவில் அம்முறைவழி யாருடைய பெயரில் ஓடுகின்றது என்பதும் எழுதப்பட்டிருக்கும். பெயர் என்றாலும் அது எழுத்தில் இராது. ஓர் இலக்கமாகவே இருக்கும். இதுவே பயனர் இலக்கம் எனப்படும். மாணவர்12 என்பவரின் பயனர் இலக்கம் 1012 எனக் கொள்வோம். மாணவர்12 என்ற சொல் மனிதருக்காகவே. கேர்னலுக்கு 1012 மட்டும் போதும். இதேபோன்று குழு இலக்கங்களும் உண்டு.

கோப்பைத் திறக்கும்படி முறைவழி கேட்கும்போது கேர்னல் இரண்டு விடயங்களை ஒப்பிடும்: ஒன்று முறைவழியின் இலக்கம், மற்றையது கோப்பின் உரிமையாளர் இலக்கமும் அதன் அனுமதிகளும். இரண்டும் பொருந்தினால் கோப்பு திறக்கும். பொருந்தாவிடின் அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி வரும்.

இதில் ஒரேயொரு இலக்கத்துக்கு விதிவிலக்கு. அது 0. இந்த இலக்கமுடைய பயனர் ரூட் என அழைக்கப்படுவார். 0 என்ற இலக்கத்துடன் ஓடும் முறைவழிக்குக் கோப்பு அனுமதிகள் தடையாக இருப்பதில்லை. எந்தக் கோப்பையும் வாசிக்கலாம், அழிக்கலாம். எவருடைய முறைவழியையும் நிறுத்தலாம். புதிய கணக்குகளை உருவாக்கலாம். மாணவர் சிலர் ரூட் என்ற பெயரிலேயே அதிகாரம் இருப்பதாக நினைக்கின்றனர். வேறொரு கணக்குக்கும் 0 என்ற இலக்கத்தைக் கொடுத்தால் அதுவும் அதே வல்லமையைப் பெற்றுவிடும். அதிகாரம் இலக்கத்திலேயே உள்ளது.

0 இலிருந்து 1012 வரை

கணினியை இயக்கியவுடன் கேர்னல் தொடக்கும் முதலாவது முறைவழி 0 என்ற பயனர் இலக்கத்துடனேயே ஓடும். அப்போது உள்ளே வந்த மனிதர் எவரும் இல்லை. மற்ற முறைவழிகள் எல்லாம் அந்த முதல் முறைவழியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. புதிய முறைவழி பிறப்பது எப்படி என்றால், இருக்கின்ற முறைவழி தன்னைப் போல ஒரு பிரதியை எடுக்கும். பின்னர் அப்பிரதி தன் உள்ளடக்கத்தை வேறொரு செய்நிரலால் மாற்றிக்கொள்ளும். பிரதி எடுக்கும்போது பயனர் இலக்கமும் அப்படியே பிள்ளைக்குச் செல்லும்.

அப்படியானால் எல்லா முறைவழிகளும் 0 ஆக அல்லவா இருக்க வேண்டும்? உங்கள் சொல் முறைவழிப்படுத்தி 1012 ஆக மாறியது எந்த இடத்தில்?

உட்புகும் திரையில்தான். உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் முறைவழி 0 என்ற இலக்கத்துடன் ஓடிக்கொண்டிருக்கும். கடவுச்சொல் சரியென்று கண்டதும் அது உங்களுக்காக ஒரு பிள்ளை முறைவழியை உருவாக்கும். அப்பிள்ளை தன் குழு இலக்கங்களை உங்களுடைய குழுக்களுக்கு மாற்றும். பின்பு செட்யுஐடி என்னும் முறைமை அழைப்பின் மூலம் தன் பயனர் இலக்கத்தை 1012 ஆக மாற்றும். அதற்குப் பின்னரே உங்கள் மேசைத்தளம் தொடங்கும். அந்நேரம் முதல் நீங்கள் இயக்கும் எல்லா மென்பொருள்களும் 1012 என்ற இலக்கத்தை வாரிசுச் சொத்துப் போலப் பெற்றுக்கொள்கின்றன.

0 ஆக இருந்த முறைவழி விரும்பினால் 1012 ஆகலாம். 1012 ஆக இருக்கும் முறைவழி விரும்பினாலும் 0 ஆக முடியாது. செட்யுஐடி அழைப்பைக் கேர்னல் மறுத்துவிடும். அதிகாரத்தைக் கைவிடலாம், தானாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதே விதி. இந்த விதி இல்லாவிட்டால் எந்த மாணவனின் செய்நிரலும் ஒரு வரியில் ரூட் ஆகிவிடும். கடவுச்சொல்லுக்கோ கோப்பு அனுமதிக்கோ பொருளே இராது.

மேலே ஏறுவதற்கு ஒரு வாயில்

இந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கணினியை நடத்த முடியாது. கடவுச்சொல்லை மாற்றும் வேலையைப் பாருங்கள். லினக்ஸில் கடவுச்சொற்களின் உருமாற்றிய வடிவங்கள் ஷடோ என்னும் கோப்பில் உள்ளன. சாதாரண பயனர் எவரும் அதை வாசிக்கவோ எழுதவோ இயலாது. எழுதவிட்டால் மாணவர்12 தன் வரியை மாற்றுவதுடன் ஆசிரியரின் வரியையும் மாற்றிவிடலாம். ஆனால் மாணவர்12 தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆசிரியரைத் தேடிச் செல்ல முடியாது.

பாடசாலைக் காரியாலயத்தில் இதைப்போன்ற நிலை உண்டு. மாணவர் பதிவேடு அலுமாரியில் பூட்டப்பட்டிருக்கும். உங்கள் முகவரி மாறிவிட்டால் அலுமாரித் திறப்பை உங்களிடம் தருவதில்லை. எழுதுவினைஞரிடம் சொல்கிறீர்கள். அவர் திறந்து உங்கள் பக்கத்தில் மட்டும் திருத்தம் செய்து மீண்டும் பூட்டுகிறார். திறப்பு அவரிடம் உள்ளது. ஆனால் கேட்டவர் யார் என்பதையும் அவர் மறக்கவில்லை. மறந்தால் எவருடைய பக்கத்தையும் எவரும் மாற்றலாம்.

யுனிக்ஸ் கண்ட தீர்வும் இத்தகையதே. ஒரு செய்நிரல் கோப்பின் மீது செட்யுஐடி பிட்டு என்னும் அடையாளத்தை இடலாம். (முறைமை அழைப்புக்கும் இந்தப் பிட்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்ப வேண்டாம், அழைப்பு முறைவழி செய்வது, பிட்டு கோப்பில் இருப்பது.) இவ்வடையாளமுள்ள செய்நிரலை யார் இயக்கினாலும் அது இயக்கியவரின் அதிகாரத்துடன் ஓடாது, கோப்பின் உரிமையாளருடைய அதிகாரத்துடன் ஓடும். கடவுச்சொல் மாற்றும் செய்நிரலின் உரிமையாளர் ரூட். ஆகவே மாணவர்12 இயக்கினாலும் அதனால் ஷடோ கோப்பில் எழுத முடியும்.

இதனைக் கண்டுபிடித்தவர் சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சி. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய காலத்தில், 1973 இல் இதற்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பிக்கப்பட்டது. 1979 இல் 4,135,240 என்ற இலக்கத்துடன் அமெரிக்க ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. பின்னர் அது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. ஒரு பிட்டுக்கு ஆக்கவுரிமையா என்று சிரிக்கத் தோன்றும். ஆயினும் இந்த ஒரு பிட்டு இல்லாமல் பலர் பயன்படுத்தும் கணினியை நடத்துவது பெரும் சிரமமாக இருந்திருக்கும்.

எண் முறைமைகள் பாடத்தில் நீங்கள் கற்ற எண்ம எண்கள் இங்கு பயன்படுகின்றன. கடவுச்சொல் மாற்றும் செய்நிரலின் அனுமதி பல லினக்ஸ் முறைமைகளில் 4755 என இருக்கும். இது எண்ம எண். துவிதத்துக்கு மாற்றினால் 100 111 101 101. பின்னுள்ள ஒன்பது பிட்டுகள் முறையே உரிமையாளர், குழு, ஏனையோர் ஆகியோருக்கு வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற அனுமதிகளைக் காட்டுகின்றன. உரிமையாளருக்கு 111, அதாவது மூன்றும் உண்டு; குழுவுக்கும் ஏனையோருக்கும் 101, அதாவது எழுதும் அனுமதி இல்லை. முன்னே நிற்கும் 100 இல் உள்ள 1 தான் செட்யுஐடி பிட்டு. கோப்புப் பட்டியலைத் திரையில் பார்க்கும்போது உரிமையாளருக்குரிய ‘எக்ஸ்’ எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து நிற்கும்.

கெட்டிக்கார மாணவர் ஒருவர் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். நானே ஒரு செய்நிரலை எழுதி, அதன் உரிமையாளரை ரூட் என மாற்றி, 4755 என்று அனுமதி கொடுத்தால் என்ன? முடியாது. லினக்ஸில் சாதாரண பயனர் தன் கோப்பை வேறொருவருக்கு உரிமையாக்க இயலாது. ரூட் அதைச் செய்தாலும், இயக்கத்தக்க கோப்பின் உரிமையாளர் மாறியவுடன் செட்யுஐடி பிட்டைக் கேர்னல் அழித்துவிடும். சரி, வீட்டிலுள்ள என் கணினியில் நானே ரூட்; அங்கே அத்தகைய கோப்பை உருவாக்கி பென் ட்றைவில் கொண்டுவந்தால்? இதையும் முன்னரே யோசித்திருக்கிறார்கள். இன்றைய லினக்ஸ் முறைமைகள் பென் ட்றைவ் போன்ற கழற்றத்தக்க சாதனங்களைப் பயனருக்காகப் பொருத்தும்போது, அவற்றிலுள்ள செட்யுஐடி பிட்டுகளைப் பொருட்படுத்தாத வகையிலேயே வழக்கமாகப் பொருத்துகின்றன.

ஒரு முறைவழிக்கு மூன்று இலக்கங்கள்

எழுதுவினைஞர் இரண்டு விடயங்களை நினைவில் வைத்திருந்தார் அல்லவா? தன்னிடம் திறப்பு உண்டு என்பதும், கேட்டவர் யார் என்பதும். முறைவழிக்கும் இவ்விரண்டும் வேண்டும். ஆகவே ஒரு பயனர் இலக்கம் போதாது.

இயக்கியவர் யார் என்பதைக் காட்டுவது மெய்ப் பயனர் இலக்கம். இப்போது யாருடைய அதிகாரம் செல்லுபடியாகின்றது என்பதைக் காட்டுவது செயற்படு பயனர் இலக்கம். கோப்பைத் திறக்கும்போது கேர்னல் பார்ப்பது இரண்டாவதையே. மாணவர்12 கடவுச்சொல் மாற்றும் செய்நிரலை இயக்கும்போது மெய் இலக்கம் 1012, செயற்படு இலக்கம் 0. செயற்படு இலக்கம் 0 என்பதால் ஷடோ கோப்பு திறக்கின்றது. மெய் இலக்கம் 1012 என்பதால், மாணவர்12 இன் வரியை மட்டுமே மாற்றலாம் எனச் செய்நிரல் தீர்மானிக்கின்றது. இந்தக் கடைசி விடயத்தைக் கவனிக்குக. கேர்னல் இங்கே காவலுக்கு நிற்பதில்லை; அது ஷடோ கோப்பு முழுவதையும் திறந்துவிட்டது. ஒரு வரியோடு நிறுத்துவது செய்நிரலை எழுதியவரின் பொறுப்பு.

மூன்றாவது, சேமித்த பயனர் இலக்கம். அதிகாரம் பெற்ற செய்நிரல் எல்லா நேரமும் அந்த அதிகாரத்துடனேயே இருக்கத் தேவையில்லை. பத்து வேலைகளில் ஒன்றுக்குத்தான் ரூட் அதிகாரம் வேண்டுமெனில், மற்ற ஒன்பதையும் 1012 ஆகவே செய்வது நல்லது. அதற்குச் செயற்படு இலக்கத்தை 1012 ஆக இறக்கி, தேவைப்படும்போது மீண்டும் 0 ஆக ஏற்ற வேண்டும். ஆனால் 1012 ஆக இறங்கியவர் மீண்டும் ஏற முடியாது என்று விதி சொல்கின்றதே! இதற்காகவே, செட்யுஐடி செய்நிரல் தொடங்கும்போது செயற்படு இலக்கத்தின் ஒரு பிரதி சேமித்த இலக்கமாக வைக்கப்படுகின்றது. சாதாரண முறைவழி தன் செயற்படு இலக்கத்தை மெய் இலக்கத்துக்கோ சேமித்த இலக்கத்துக்கோ மாற்றிக்கொள்ளலாம். வேறெந்த இலக்கத்துக்கும் மாற்ற இயலாது. செயற்படு இலக்கத்தை மட்டும் மாற்றும் அழைப்பு செட்ஈயுஐடி.

எனவே சிறப்புரிமையைக் கைவிடுவதில் இரண்டு வகை உண்டு. தற்காலிகமாகக் கைவிடுதல்: செயற்படு இலக்கம் இறங்கும், சேமித்த இலக்கம் அப்படியே நிற்கும். நிரந்தரமாகக் கைவிடுதல்: மூன்று இலக்கங்களும் இறங்கும், திரும்பி ஏற வழியே இராது. முதலாவது, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது. இரண்டாவது, அதிபரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே போவது. ஒரு முறைவழியைத் தீயவர் கைப்பற்றினால் சட்டைப்பையில் உள்ள திறப்பும் அவர் கைக்குப் போகும். ஆகவே வேலை முடிந்தபின் தற்காலிகக் கைவிடல் போதாது.

செட்யுஐடி அழைப்பின் குணம் இங்கே பலரை ஏமாற்றிவிடும். லினக்ஸில், செயற்படு இலக்கம் 0 ஆக உள்ள முறைவழி அதை அழைத்தால் மூன்று இலக்கங்களும் மாறும். 0 அல்லாத முறைவழி அதையே அழைத்தால் செயற்படு இலக்கம் மட்டும் மாறும், சேமித்தது நிற்கும். ஒரே அழைப்பு, அழைப்பவரைப் பொறுத்து இரண்டு விளைவுகள். என் அபிப்பிராயத்தில் இது நல்ல வடிவமைப்பு அன்று. இவ்வழைப்புகளின் நடத்தையை ஆராய்ந்து 2002 இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் தனியாக ஓர் ஆய்வுக்கட்டுரையே எழுத நேர்ந்தது. மூன்று இலக்கங்களையும் வெளிப்படையாகக் குறிப்பிடும் செட்ரெஸ்யுஐடி என்ற அழைப்பு லினக்ஸில் உண்டு. குழப்பமில்லாத வழி அதுவே.

வலைச் சேவையகமும் ஒரு கைப்பேசியும்

சிறப்புரிமையைக் கைவிடுதல் அன்றாடம் நடக்கும் இடம் வலைச் சேவையகம். இணையத்தள வேண்டுகோள்கள் 80 ஆம் துறைக்கும், மறைகுறியாக்கப்பட்டவை 443 ஆம் துறைக்கும் வருகின்றன. யுனிக்ஸ் மரபில் 1024 இற்குக் குறைந்த இலக்கமுடைய துறைகளைத் திறப்பதற்கு ரூட் அதிகாரம் வேண்டும். ஆகவே அப்பாச்சி போன்ற சேவையகம் ரூட் ஆகத் தொடங்கித் துறையைத் திறக்கின்றது. பின்னர் வேண்டுகோள்களுக்குப் பதிலளிக்கும் பிள்ளை முறைவழிகளை உருவாக்கி, அவற்றை அதிகாரமற்ற ஒரு பயனர் கணக்குக்கு இறக்கிவிடுகின்றது. உலகின் எந்த மூலையிலிருந்தும் வரும் தரவை வாசிப்பவை அந்தப் பிள்ளைகளே. அவற்றில் ஒன்றை ஒருவர் ஏமாற்றிக் கைப்பற்றினாலும் அவருக்குக் கிடைப்பது அந்த எளிய கணக்கு மட்டுமே.

0 ஐக் கைவிட்ட பிள்ளை எப்படி 80 ஆம் துறையில் தொடர்ந்து வேலை செய்கின்றது? அனுமதி பார்க்கப்படுவது திறக்கும் நேரத்தில் மட்டும்தான். திறந்த பின்னர் இலக்கம் மாறினாலும், திறந்தது திறந்ததே. கோப்புகளுக்கும் இது பொருந்தும்.

கைவிடும் ஒழுங்கும் முக்கியமானது. முதலில் குழு இலக்கங்கள், பிறகே பயனர் இலக்கம். மாறிச் செய்தால், பயனர் இலக்கம் 0 அல்லாததாகிவிட்ட முறைவழிக்குக் குழுக்களை மாற்றும் அதிகாரம் இராது. ரூட்டின் குழுக்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும். மரத்தில் இருப்பவர் தான் நிற்கும் கிளையைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும்.

இன்னொன்று, அழைப்பு வெற்றியளித்ததா எனப் பார்ப்பது. “அதிகாரத்தைக் கைவிடுவதில் என்ன தோல்வி வரப்போகின்றது?” என்று செய்நிரலாளர் நினைப்பதுண்டு. 2010 இல் அன்ட்ரொயிட் கைப்பேசிகளில் நடந்ததைப் பாருங்கள். அன்ட்ரொயிட்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கேர்னல். கணினியுடன் இணைத்துக் கைப்பேசிக்குக் கட்டளையிட உதவும் ஒரு பின்னணிச் செய்நிரல் ரூட் ஆகத் தொடங்கி, பின் 2000 என்ற பயனர் இலக்கத்துக்கு இறங்கும். ஒரு பயனர் வைத்திருக்கத்தக்க முறைவழிகளுக்கு ஓர் உச்ச எண்ணிக்கை உண்டு. தாக்கும் செய்நிரல், 2000 என்ற இலக்கத்தில் அந்த உச்சம் வரை வெறும் முறைவழிகளை உருவாக்கி நிரப்பியது. பின்பு பின்னணிச் செய்நிரலை நிறுத்தி, அது மீளத் தொடங்கும்படி செய்தது. மீளத் தொடங்கிய செய்நிரல் வழக்கம்போல் 2000 ஆக இறங்க செட்யுஐடி அழைத்தது. அவ்விலக்கத்தில் இனி இடமில்லை என்று கேர்னல் மறுத்தது. விடையைப் பார்க்காத செய்நிரல், இறங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டு ரூட் ஆகவே தொடர்ந்தது. கைப்பேசி முழுவதும் தாக்கியவர் கையில்! பின்னர் அச்செய்நிரல் திருத்தப்பட்டது. 2011 இல் வந்த லினக்ஸ் 3.1 முதல் இந்த உச்ச எண்ணிக்கை காரணமாகச் செட்யுஐடி தோல்வியடைவதில்லை. முறைவழி அடுத்து வேறு செய்நிரலை ஏற்ற முயலும்போதே மறுப்பு வரும். எனினும் விடையைப் பார்க்கும் கடமை நீங்கவில்லை.

அன்ட்ரொயிட் பற்றி மேலும் ஒரு தகவல். அங்கே பயனர் இலக்கம் மனிதருக்குரியதன்று. நிறுவப்படும் செயலிகளுக்குப் பொதுவாகத் தனித்தனியே 10000 இலிருந்து தொடங்கும் பயனர் இலக்கங்கள் வழங்கப்படுகின்றன. ஒரு விளையாட்டுச் செயலி உங்கள் வங்கிச் செயலியின் கோப்புகளை வாசிக்க முடியாமைக்கு முக்கிய காரணம் இதுவே. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பல மனிதருக்காக அமைத்த ஏற்பாடு இன்று ஒரே மனிதரின் பையில் உள்ள செயலிகளை ஒன்றிலிருந்து ஒன்று காக்கின்றது.

சுடு கட்டளையும் விண்டோஸும்

லினக்ஸில் நிர்வாக வேலைகளுக்குப் பயன்படும் சுடு என்ற கட்டளையும் ரூட் உரிமையுள்ள செட்யுஐடி செய்நிரலே. 1980 அளவில் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பொப் கொகெஷோல், கிளிஃப் ஸ்பென்சர் ஆகியோர் இதன் முதல் வடிவத்தை எழுதினர். யார் எந்தக் கட்டளையை ரூட் ஆக இயக்கலாம் என்பதை ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். சுடு வழக்கமாகக் கேட்பது ரூட்டின் கடவுச்சொல்லை அன்று, உங்களுடைய கடவுச்சொல்லை. ஆகவே ரூட்டின் கடவுச்சொல்லைப் பலரிடம் பகிர வேண்டியதில்லை.

இத்தகைய வாயில்களை எழுதுவோர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். சுடு செய்நிரலில் 2011 இல் புகுந்த ஒரு வழு 2021 ஜனவரியிலேயே வெளியாயிற்று. பிகேஎக்செக் என்னும் மற்றொரு செட்யுஐடி செய்நிரலில் 2009 முதல் இருந்த வழு 2022 ஜனவரியில் வெளியாயிற்று. இரண்டிலும், கணினியில் ஒரு சாதாரண கணக்கு வைத்திருந்த எவரும் ரூட் ஆக முடிந்தது. பல ஆண்டுகளாக எல்லோர் கண்முன்னும் திறந்திருந்த மூலநிரல்கள் இவை.

இதனால்தான் செட்யுஐடி செய்நிரல்களின் எண்ணிக்கையைக் குறைக்க முயல்கின்றனர். 1999 இல் வெளியான லினக்ஸ் 2.2 இலிருந்து ரூட்டின் அதிகாரம் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. குறைந்த இலக்கத் துறையைத் திறக்க மட்டும் அதிகாரம் வேண்டிய செய்நிரலுக்கு அந்த ஒரு கூறை மட்டும் கொடுக்கலாம்.

விண்டோஸில் இலக்கத்துக்குப் பதிலாக ஒவ்வொரு முறைவழியுடனும் ஓர் அனுமதி வில்லை இணைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் விஸ்டா முதல், நிர்வாகியாக உட்புகுந்தவரின் மென்பொருள்களும் சாதாரண அனுமதியுடனேயே ஓடுகின்றன. உயர் அனுமதி தேவைப்படும்போது திரை மங்கி ஒரு வினா தோன்றும். ‘ஆம்’ என்றால், ஓடிக்கொண்டிருக்கும் முறைவழி உயர்த்தப்படுவதில்லை. உயர் அனுமதியுடன் புதிய முறைவழி ஒன்று தொடங்கப்படும். யோசிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்தும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்த வினா எதைக் கேட்கின்றது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

மாதிரி வினா

ஒரு பாடசாலைக் கணினியில் ‘நூலகம்’ என்னும் பயனர் கணக்கின் இலக்கம் 1200. இரவற் பதிவேடு என்ற கோப்பை அக்கணக்கு மட்டுமே வாசிக்கவும் எழுதவும் முடியும். நூல் இரவல் பெறும் செய்நிரலின் உரிமையாளர் 1200. அதற்குச் செட்யுஐடி பிட்டு இடப்பட்டுள்ளது. 1012 இலக்கமுடைய மாணவர் அதனை இயக்குகிறார்.

(அ) செய்நிரல் தொடங்கியவுடன் மெய், செயற்படு, சேமித்த பயனர் இலக்கங்கள் யாவை?

விடை: முறையே 1012, 1200, 1200.

(ஆ) அதிகாரத்தைக் கைவிட எண்ணி, செய்நிரல் 1012 என்ற பெறுமானத்துடன் செட்யுஐடி அழைப்பை விடுக்கின்றது. இப்போது மூன்று இலக்கங்களும் யாவை?

விடை: 1012, 1012, 1200. அழைத்த முறைவழி ரூட் அன்று. எனவே செயற்படு இலக்கம் மட்டுமே மாறும். (மூன்றும் 1012 என எழுதுவதே இங்கு எதிர்பார்க்கத்தக்க பிழை.)

(இ) இம்முறைவழியால் மீண்டும் 1200 இன் அதிகாரத்தைப் பெற முடியுமா? காரணம் தருக.

விடை: முடியும். சேமித்த இலக்கம் 1200 ஆக இருப்பதால் செட்ஈயுஐடி மூலம் செயற்படு இலக்கத்தை 1200 ஆக்கலாம்.

(ஈ) நிரந்தரமாகக் கைவிடும் வழி யாது?

விடை: செட்ரெஸ்யுஐடி அழைப்பில் மூன்று இலக்கங்களையும் 1012 எனக் குறிப்பிடல், அழைப்பு வெற்றியளித்ததா எனச் சோதித்தல்.

(உ) கைவிடுவதற்கு முன்னரே இரவற் பதிவேட்டைச் செய்நிரல் எழுதுவதற்காகத் திறந்து வைத்திருந்தது. (ஈ) இற்குப் பின் அதில் எழுத முடியுமா?

விடை: முடியும். அனுமதி திறக்கும்போது மட்டுமே பார்க்கப்படுகின்றது. ஆகவே நிரந்தரமாகக் கைவிடும் முன், இனித் தேவைப்படாத கோப்புகளை மூடிவிட வேண்டும். மூடிய பின் மீண்டும் திறக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படும்.